மூணு கலரின் வெறும் வயிறு

பனிக்காலத்து விடியலில் பழவேற்காடு ஏரியில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து முதலில் வருவது படகு அல்ல, சத்தம்தான். கழி தண்ணீரைக் குத்தும் சத்தம், யாரோ இருமும் சத்தம், எங்கோ தூரத்தில் பூநாரைகள் கூட்டமாய்க் கரையும் சத்தம். அதற்கெல்லாம் முன்பே எங்கள் துறையில் பூனைகள் வந்து உட்கார்ந்திருக்கும். வாலைக் காலைச் சுற்றி மடித்துக்கொண்டு, ஒன்றோடொன்று பேசாமல், எல்லாம் ஏரியையே பார்த்தபடி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் அந்த நேரத்துக்கே தூக்கம் விட்டுப்போகிறது. டீ டம்ளரை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, விழித்திருக்கிறேனா, கனவில் இருக்கிறேனா என்று தெரியாமல் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அந்த வரிசையில் பல பூனைகளுக்கு இடது காதின் நுனி இருக்காது. குட்டி போடாமலிருக்க ஆப்பரேஷன் ஆகிவிட்டது என்பதற்கு அடையாளமாக டாக்டர் கொஞ்சம் வெட்டிவிடுவார். முதல் தடவை அதைப் பார்த்தபோது மீன் அள்ளும் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னாக்கா, பூனைக்குக் காதுகுத்தி கூட்டியாந்துட்டீங்க, தாய்மாமன் சீர் எங்க?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "மனுசங்களுக்கெல்லாம் பண்ணி முடிச்சாச்சு, இப்ப பூனைங்களுக்கு வந்துட்டாங்க நர்சக்கா" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். சுண்ணாம்புக்குளம் பக்கத்துக் குப்பங்களிலிருந்து காட்டூர் வரை சைக்கிளிலும் படகிலும் போய் ஊசி போட்டிருக்கிறேன், பிரசவம் பார்த்திருக்கிறேன், குடும்பக் கட்டுப்பாடு பற்றித் தொண்டை வற்றப் பேசியிருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். அந்த வாய் இல்லாவிட்டால் பாதிப் பேர் தடுப்பூசிக்கே வந்திருக்க மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏரியில் இறால் விழும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று எங்கள் ஊருக்குள் முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். சாயங்காலம் போய் வலை கட்டினால் விடியலில் கரை சேருவார்கள். ஒரு பாட்டை விட்டுவிட்டால் அடுத்த சுற்று வரும்வரை அந்த இடத்தில் வலை வைக்க முடியாது. பூனைகளுக்கு இது எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இன்று யார் பாடோ, அவர் படகு ஒதுங்கும் இடத்தில்தான் அத்தனையும் உட்கார்ந்திருக்கும். பெரியவர்களே சில சமயம் முறையை மறந்துபோய், "பூனைங்க எங்க குந்தியிருக்குதுன்னு பாத்துட்டு வாடா" என்று சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

என் பக்கத்து வீட்டுக்காரன் பாடு வரும் நாளில் மட்டும் வரிசைக்கு முன்னால், கால் நனையும் இடத்தில், ஒரு பூனை தனியாக உட்கார்ந்திருக்கும். கறுப்பும் வெள்ளையும் காவியும் கலந்த பெண் பூனை. எங்கள் ஊரில் பூனைக்குப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. மூணு கலரு என்போம், அவ்வளவுதான். அவன் படகு சேற்றில் ஒதுங்கியதும் வலையிலிருந்து வரும் முதல் சின்ன மீனை அதற்குத்தான் போடுவான். பெரிய கெண்டையே விழுந்திருந்தாலும், வியாபாரி பக்கத்தில் நின்று கத்தினாலும், முதலில் அதற்கு. "ராசிக்காரி" என்பான். அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் எனக்கு அவன் தம்பிதான். வேறு யார் கை நீட்டினாலும் சீறும் அந்தப் பூனை அவன் மடியில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்ளும். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறவன். மாலையில் வலை பொத்தலைத் தைத்துக்கொண்டு அதனோடு ஏதாவது பேசிக்கொண்டிருப்பான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அது தாலாட்டு மாதிரிக் கேட்கும்.

மூணு கலரு வருஷத்துக்கு மூன்று முறை குட்டி போடும். கவிழ்த்து வைத்த படகுக்கடியில் போடும். நண்டு எடைபோடும் கொட்டகையில் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போடும். ஒரு தடவை என் பழைய மருந்துப் பையைக் கீழே வைத்திருந்தேன், அதற்குள்ளேயே போட்டுவிட்டது. போட்ட குட்டிகளில் எத்தனை பிழைத்தன? கண்ணில் சீழ் கட்டிச் செத்தவை, நாய் கவ்வியவை, மீன் வண்டிச் சக்கரத்தில் போனவை, செம்பருந்து தூக்கியவை. மீதியை யாராவது சாக்கில் போட்டு மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருவார்கள், இல்லையென்றால் படகில் எடுத்துப்போய் எதிர்க்கரைப் புதரில் கொட்டிவிடுவார்கள். ஆப்பரேஷன் என்று சொன்னால் மட்டும், "ஐயோ பாவம், வாயில்லா ஜீவனுக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சாக்கைக் கட்டும்போது அந்தக் கன்னம் எங்கே போனது? கேட்டேன். அதனால்தான் எனக்கு வாய் நீளம்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கொட்டகைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. பூனைக் குரலாக எனக்குத் தோன்றவில்லை. வேலையில் இருந்த காலத்தில் கேட்டுப் பழகிய குரல் அது. மழையும் சேர்ந்துகொண்டதால் எந்த வருஷத்தில் நிற்கிறேன் என்றே குழம்பிப்போனது. போய்ப் பார்த்தால் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் மூணு கலரு. குட்டி பாதியில் சிக்கி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி தன் பாட்டுக்கு வலை கட்டப் போயிருந்தான். கையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். என்னைக் கடிக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. செத்த குட்டிதான் வந்தது. அடுத்ததும் செத்தது. அந்தப் பூனை இரண்டையும் நக்கிக்கொண்டே இருந்தது, எழுந்திருக்கும் என்று நினைத்ததோ என்னவோ. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பிரசவம் பார்த்தவள், ஒரு பூனைக்காக ஐஸ் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். இதுதான் உனக்குக் கடைசி, இனிமேல் விடமாட்டேன் என்று அதன் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

அது தேறி எழுந்ததும் பொன்னேரியில் ஒரு கால்நடை டாக்டரம்மாவைப் பிடித்தேன். தெருப் பூனைகளுக்கு வியாழக்கிழமைகளில் செய்வதாகச் சொன்னார். முதல் நாள் ராத்திரியிலிருந்து சாப்பாடு கூடாது என்று போனிலேயே சொல்லிவிட்டார். சரி என்றேன். வியாழன் விடிந்ததும் போய் அதைக் கூப்பிட்டேன், வரவில்லை. வீட்டுக்குள் ஓடிப் போய் ஒரு கை நெத்திலியை அள்ளி வந்து வைத்தேன், வந்தது. ஆசையாய்த் தின்றது. இன்னும் கொஞ்சம் வைத்தேன். அப்படியே நண்டுக் கூடையைக் கவிழ்த்து, மேலே வலைத் துண்டைக் கட்டி, என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

பாதி வழியில் அவ்வளவு நெத்திலியும் ஆட்டோவிலேயே வெளியே வந்தது. டிரைவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. டாக்டரம்மாவோ சிரித்துவிட்டார். "நீங்க நர்ஸாதானேம்மா இருந்தீங்க?" என்றார். எத்தனை பெண்களிடம், "வெறும் வயித்தோட வாடி, ஒரு வாய் காபி கூடக் கூடாது" என்று மிரட்டியிருக்கிறேன்! எங்கள் ஊரில் பூனையைக் கூப்பிட மீனைத் தவிர வேறு பாஷை கிடையாது. கை தானாகவே நெத்திலிக்குப் போய்விட்டது. என் முட்டாள்தனத்தை என்னவென்று சொல்ல.

டாக்டரம்மா அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. "இப்ப கர்ப்பமில்ல. ஆனா இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது. சீக்கிரம் கொண்டுவாங்க, வெறும் வயித்தோட" என்றார்.

கொண்டுவருவதா? ஊர் திரும்பிக் கூடையைத் திறந்ததும் வேலிக்குள் பாய்ந்தது, அதோடு என் நிழல் பட்டாலே ஓடியது. அதற்குள் ஆண் பூனைகள் கூரைமேல் கத்த ஆரம்பித்துவிட்டன. பகலில் படுத்தால்கூட ஒரே கனவுதான். ஏரித் தண்ணீர்மேல் அது கால் நனையாமல் நடந்து வரும். வாயில் ஒரு குட்டி. என் மருந்துப் பையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் இன்னொன்றை எடுத்து வரும். பை நிறைந்துகொண்டே இருக்கும், ஒன்றுக்கும் மூச்சிருக்காது. நான் போதும் போதும் என்பேன், குரல் வராது.

கடைசியில் தம்பியிடம்தான் போக வேண்டியிருந்தது. வலை தைத்துக்கொண்டிருந்தான், அது அவன் காலடியில் சுருண்டிருந்தது. டாக்டரம்மா சொன்னதை, வியாழக்கிழமை, வெறும் வயிறு என்பதையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். நீ ஒருத்தன்தான் பிடிக்க முடியும் என்றேன்.

"ராசிக்காரி மேல கத்தி வெக்கலாமாக்கா?" என்றான். "பாவங்க்கா. இந்த வாட்டி பொழச்சிக்கிச்சி இல்ல? அடுத்த வாட்டி பாத்துக்கலாம்."

அடுத்த வாட்டி பார்த்துக்கொள்ளலாம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

அவன் மனைவிக்கு இரண்டாவது பெண் பிறந்தபோதே அவளுக்கு ரத்தம் இல்லை. இனி வேண்டாம் என்று அவளே என்னிடம் சொன்னாள். வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் ஆப்பரேஷன் பண்ணமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பிய காலம். நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன். ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொண்டு இதே வாசலுக்கு வந்தேன். அவன் இதே மாதிரி வலை தைத்துக்கொண்டிருந்தான். தாளை வாங்கக்கூட இல்லை. "அடுத்தது பையனா பொறக்கட்டும், பாத்துக்கலாங்க்கா" என்று சிரித்தான். மூன்றாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. மழையில் வேனில் ஏற்றிப் பொன்னேரிக்குக் கொண்டுபோனோம். என் மடியில்தான் அவள் தலை இருந்தது. உப்பங்கழி ஓரமாக ஒரு வளைவு இருக்கிறது, அது வரைக்கும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வளைவில் கண்ணை மூடினாள். "கண்ணைத் தொற, அம்மாடி, கண்ணைத் தொற" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனேன். திறக்கவில்லை. குழந்தையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மீன் கொடுப்பான், நான் குழம்பு கொடுப்பேன்.

அன்றைக்குப் பேசிவிட்டேன். "இதே வார்த்தைய இதே வாயால முன்ன ஒரு வாட்டி கேட்டவடா நான்" என்றேன்.

அவன் கையிலிருந்த தையல் ஊசியை வலையில் செருகினான். எழுந்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பூனை கதவுக்கு வெளியே உட்கார்ந்து என்னையே பார்த்தது. சொல்லியிருக்கக் கூடாது. ஒரு பூனைக்காக ஒரு மனுஷனின் ஆறாத புண்ணில் கையை விட்டுவிட்டேன். அடுத்த ஆறேழு நாள் அவன் வீட்டிலிருந்து மீன் வரவில்லை, நான் கொடுத்தனுப்பிய குழம்பும் அப்படியே திரும்பி வந்தது.

மறு வியாழன் அவன் பாட்டு நாள். எனக்கு அந்த நினைப்பே இல்லை. வழக்கம்போல் டீயை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பனி கனமாக இறங்கியிருந்தது. பூனைகள் முறை தப்பாமல் அவன் துறையில் வரிசை கட்டியிருந்தன. ஆனால் முன்னால், கால் நனையும் இடத்தில், யாரும் இல்லை. மூணு கலரு இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அவன் படகு கரையிலேயே கட்டிக் கிடந்தது. பாட்டு நாளில் ஒரு படகு கரையில் கிடந்து நான் பார்த்ததே இல்லை. பூனை செத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று தோன்றியது. டம்ளரைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

அதற்குள் அவன் வீட்டுக் கதவு திறந்தது. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கல்யாணத்துக்குப் போகிறவன்போல நின்றான். கையில் நண்டுக் கூடை, மேலே அவன் துண்டு கட்டியிருந்தது. உள்ளேயிருந்து மூணு கலரு எட்டுக் கட்டையில் கத்திக்கொண்டிருந்தது.

"வெறும் வயிறுதாங்க்கா" என்றான். "நேத்து பொழுது சாயறதுக்கு முன்னாடியே உள்ள வெச்சி அடைச்சிட்டேன். மீனு வாசனை வரக்கூடாதுன்னு நானும் மோர் ஊத்தி கஞ்சிதான் குடிச்சேன்."

"பாட்டுக்குப் போவலயாடா?"

"போனா கதவப் பிராண்டி எப்படியாவது வெளிய வந்துடுவா. படகு வந்து நின்னா மொத மீனு இவளுக்குக் குடுக்காம என்னால இருக்க ஆவாது. அதான் போவல. கூட வர்றவங்கள வேற படகுல ஏத்தி அனுப்பிட்டேன். வாங்க, நேரமாவுது."

ஆட்டோவில் ஏறினோம். வெளியே பனி விலகாமல் கூடவே வந்தது. நாங்கள் போகிறோமா, நின்ற இடத்திலேயே இருக்கிறோமா என்று தெரியவில்லை. உப்பங்கழி வளைவில் அவன் கூடைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, "இன்னைக்குப் பண்ணிடலாம்" என்றார். மேஜையில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டி, "பூனை யாருது? ஒரு கையெழுத்து வேணும்" என்றாள். பழக்கதோஷம், நான் கையை நீட்டினேன். அவன் எனக்கு முன்னால் வாங்கிக்கொண்டான். மேல் வரியிலிருந்து விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், அந்தப் பெண் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தாள். அவன் அவசரப்படவில்லை.

"அன்னைக்கி நீங்க கொண்டாந்த பேப்பர்லயும் இதானேக்கா இருந்திச்சி? மயக்க மருந்து குடுத்து ஆப்பரேசன் பண்ண சம்மதம்னு?"

"ஆமாம்பா."

"நான் கையிலகூட வாங்கல" என்றான். "அவ கேட்டா, தெரியுமா? ரெண்டு வாட்டி கேட்டா என்னாண்ட."

பேனாவை அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டான். நானும்தானே அவன் கையெழுத்துக்காகக் காத்திருந்தேன்! அவள் வாயால் சொன்னது போதாது என்று நானும்தானே நினைத்தேன். அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பூனையைக் கொண்டுபோன கதவையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான், துறையில் பூனைகள் ஏரியைப் பார்ப்பதுபோல.

மத்தியானத்துக்கு மேல் கூடையைத் திருப்பிக் கொடுத்தார்கள். வயிற்றில் கட்டு, இடது காதில் நுனி இல்லை, நாக்கு ஓரமாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. மயக்கம் தெளியக் கொஞ்சம் நேரமாகும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அவன் கூடையில் வைக்கவில்லை, தன் துண்டில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டான். ஆட்டோ கிளம்பியது. வெயில் ஏறியும் தூரத்தில் ஏரிமேல் ஒரு மங்கல் இருந்துகொண்டே இருந்தது, அதில் பூநாரைகள் ரோஜா நிறத்தில் கரைந்து நின்றன. எனக்குக் கண் செருகியது. அவன் குனிந்து அதன் மூச்சைக் கேட்பதும் நிமிர்வதும் மறுபடி குனிவதும் அரைத் தூக்கத்தில் தெரிந்துகொண்டே இருந்தது.

உப்பங்கழி வளைவு வந்தது. ஆட்டோ திரும்பியது. அவன் என் கையைப் பிடித்து உலுக்கினான்.

"அக்கா" என்றான். முகமெல்லாம் கண்ணீராய் இருந்தது. "அக்கா, கண்ணைத் தொறந்துட்டாக்கா."